அதற்குத் தமிழ் தெரியாது

பழைய லேப்டாப் ஒருவழியாகக் கண்ணை மூடியபோது மாதங்கி கொஞ்சமும் வருத்தப்படவில்லை. விட்டது சனி என்றுதான் இருந்தது. அதன் மூடி ஒரு பக்கம் கழன்றுபோய், திறக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு டவலைச் சுருட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே போய், மண் குவளையில் ஒரு டீ குடித்துவிட்டு மாடியேறி வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கும்.

கொல்கத்தாவில் பெஹாலா பக்கம், மெட்ரோ ரயில் ஜன்னலுக்கு நேராக ஓடும் ஒரு கட்டடத்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த பிசியோதெரபி கிளினிக். எலும்பு கூடிய பிறகும் மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் கைகளையும் முழங்கால்களையும் வழிக்குக் கொண்டுவருவது மாதங்கியின் வேலை. பகல் முழுக்க அதுதான். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, யார் யார் வந்தார்கள், யாருக்கு என்ன செய்தோம் என்று லேப்டாப்பில் அடிப்பது அதற்கு மேல் இன்னொரு வேலை. அலுப்பான வேலைதான். ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்பது அவள் கையில் இருந்தது. வலிக்கு ஒத்தடம் கொடுக்கும்போது ஜனங்கள் என்னென்னவோ சொல்வார்கள். மாமியார் கதை, மகன் குடிக்கிற கதை, பக்கத்து ஃபிளாட்டுக்காரியின் கதை. அதில் பாதியை அவள் அன்று சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவாள், மீதியை எழுத மாட்டாள்.

நிர்வாகம் லேப்டாப்பை ரிப்பேருக்கு அனுப்பவில்லை. எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிட்டது. உறையிலேயே கீபோர்டு ஒட்டியிருந்தது. விரித்து நிறுத்தினால் லேப்டாப், மடித்தால் சிலேட்டு.

"எப்படி இருக்கு உன் புது சிலேட்டு?" என்று லேக் கார்டன்ஸ் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் கணவன் மாதவ் கேட்டான். அவனுக்கும் ஒன்று வாங்கும் ஆசை இருந்தது.

"தூக்கிண்டு போக சுகமா இருக்கு. சார்ஜ் நாள் பூரா நிக்கறது. ஆனா மடியில வெச்சா குப்புற விழறது. ஒண்ணைத் திறந்தா முன்னாடி இருந்தது எங்க போச்சுன்னே தெரியல. மூடினா நிஜமாவே மூடிக்கறதா, சும்மா தூங்கறாப்பல நடிக்கறதான்னு அதுக்கே வெளிச்சம்."

"அப்போ லேப்டாப்புக்கு பதிலா இதை வாங்கலாமா, கூடாதா?"

"இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு சொல்றேனே" என்றாள் மாதங்கி.

அவளுக்கு முதலில் அதன்மேல் இருந்தது எரிச்சல்தான். அவள் விரலில் எந்நேரமும் ஜெல்லோ எண்ணெயோ மெழுகோ இருக்கும். அந்த விரலால் தொட்டால் டேப்லெட் மதிக்காது. நாலு தடவை தேய்த்தால் வேறு எதையாவது திறந்து வைக்கும். அப்புறம்தான் அதற்குள் இருந்த ஒரு வசதியை நிர்வாகத்து ஆள் காட்டிக்கொடுத்தான். நோயாளி உள்ளே வந்ததும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் போதும். நடக்கும் பேச்சையெல்லாம் அதுவே கேட்டு, வேண்டியதைப் பொறுக்கி, நல்ல ஆங்கிலத்தில் குறிப்பாக எழுதி வைத்துவிடும். சாயங்காலம் பார்த்து ஒப்புதல் கொடுத்தால், நோயாளியின் போனுக்கு அந்தக் குறிப்பும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளும் தானாகப் போய்ச் சேரும். வங்காளி, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் அது கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டது. மாதங்கி சாயங்கால டைப்பிங்கிலிருந்து தப்பித்தாள். யாருக்குத்தான் கசக்கும்?

தமிழ் மட்டும் அதற்கு வரவில்லை. முதல் வாரத்திலேயே அவள் பார்த்துவிட்டாள். நடுவில் அம்மா போனில் கூப்பிட்டு, மாங்காய் ஊறுகாயில் பூஞ்சை பிடித்துவிட்டதைப் பற்றி நீளமாகப் பேசியபோது, குறிப்பில் அந்த இடத்தில் "வேறு மொழியில் உரையாடல்" என்று ஒரு வரி மட்டும் விழுந்திருந்தது. மாதங்கிக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏன் பெருமை என்றால், கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு இது ஒரு பரம்பரைச் சொத்து. அவள் கொள்ளுத்தாத்தா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வெளியே தமிழ் என்பது ஒரு திரை. புடவைக் கடையில், கடைக்காரன் மூஞ்சிக்கு நேராகவே "இவன் பாதிக்குப் பாதி ஏத்தி சொல்றான், எழுந்திரு" என்று சொல்லலாம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் மூக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாம். எப்போதாவது, வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய் மாசக்கணக்கில் தங்கிவந்த ஒரு பெங்காலி பாபு திரும்பிப் பார்த்து "எல்லாம் புரியுது அம்மா" என்று மானத்தை வாங்குவார். அது அபூர்வம். மற்றபடி தமிழில் பேசினால் நாலு சுவருக்குள் பேசின மாதிரி. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

பூங்கோதை வந்து சேர்ந்தது அப்போதுதான். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், வயது முப்பதுகூட இருக்காது. கணவன் வாஞ்சிநாதன் மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தவன், பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்காமல் வந்தாள். முதல் நாள் படிவத்தில் எல்லாவற்றையும் கணவன்தான் எழுதினான். எப்படி அடிபட்டது என்று கேட்டபோதும் அவன்தான் பதில் சொன்னான். குளியலறையில் வழுக்கிவிட்டதாம்.

அதற்கப்புறம் அவன் அவளைப் படிக்கட்டில் விட்டுவிட்டுக் கீழே பைக்கில் உட்கார்ந்திருப்பான். மேலே, திரை போட்ட கட்டிலில், மாதங்கி அந்தக் கையைச் சூடான மெழுகில் தோய்த்து எடுத்து, துணியில் சுற்றி, காத்திருப்பாள். திரைக்கு அந்தப் பக்கம் கிளினிக்கின் வேலையாள் ரஞ்சனாதியும், நாலைந்து வங்காளி நோயாளிகளும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இவர்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டார்கள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கணவனைத் தவிர வேறு யாரோடும் பூங்கோதை தமிழ் பேசியதில்லை. மூன்றாவது தடவை வந்தபோதே மாதங்கியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஒருநாள் அவள் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னக்கா, நாம பேசுறதெல்லாம் எழுதுதா?"

"எழுதும். ஆனா அதுக்குத் தமிழ் தெரியாதும்மா" என்று சிரித்தாள் மாதங்கி. "நீ தைரியமா பேசு."

அதை நிறுத்தி வைக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. மாதங்கி அதைத் தொடவில்லை. கையெல்லாம் மெழுகு, நிறுத்தினால் திரும்ப ஓட்ட மறந்துபோகும், பாதிக் குறிப்பு இல்லாவிட்டால் நிர்வாகம் கேள்வி கேட்கும். காரணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பூங்கோதை அன்றைக்குச் சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"நான் வழுக்கியெல்லாம் விழலக்கா. அவுக கதவ சாத்துனாவ. என் கை நடுவுல இருந்துச்சு. பாத்துத்தான் சாத்துனாவ."

அந்தக் கையை மாதங்கி இத்தனை நாளாக மடக்கி மடக்கிப் பார்த்திருக்கிறாள். எலும்பு முறிந்த விதம் வழுக்கி விழுந்தது மாதிரி இல்லையே என்று ஒரு தடவை தோன்றியதும் உண்டு. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு பூங்கோதை பதறினாள். "வேண்டாம்க்கா, ஊருக்குப் போயிட்டா போதும். எங்க அக்கா இருக்கா" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்தத் திரைக்குள் ஒரு யோசனை வளர்ந்தது. ஒத்தடத்துக்கு என்று கொண்டுவரும் டவலுக்குள் சுற்றி, பூங்கோதை ஒவ்வொரு துணியாகக் கொண்டுவந்து மாதங்கியின் அலமாரியில் வைத்தாள். கோவில்பட்டியிலிருந்து அக்கா டிக்கெட் எடுத்தாள். பூங்கோதையிடம் இருந்த போனைக் கணவன் தினமும் வாங்கிப் பார்ப்பான் என்பதால், அக்காவிடம் பேசியதெல்லாம் மாதங்கியின் போனில். செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வாஞ்சிநாதனுக்கு ஆபீஸில் மீட்டிங், மனைவியை விட்டுவிட்டுப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவான். மாதங்கி அவளை மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் படி வழியாக இறக்கி, டாக்சியில் ஹவுராவுக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிடுவாள். சென்னையில் அக்கா வந்து நிற்பாள்.

"திரும்பவும் ஒருக்கா சொல்லுங்க அக்கா" என்றாள் பூங்கோதை. மாதங்கி முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். பூங்கோதையும், கணவன் பார்த்தே கதவைச் சாத்தியதில் தொடங்கி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து மாதங்கிக்குக் கண் கலங்கியது.

அந்த வாரத் தொடக்கத்தில் டேப்லெட், புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று கேட்டது. கையில் ஜெல் இருந்ததால் மாதங்கி முழங்கையால் ஒரு இடி இடித்து, சரி என்றாள். என்னென்ன புதுசு என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது. அதை உலகத்தில் யார் படிக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அன்றைய குறிப்புகள் வரிசையாக வந்து நின்றன. லேப்டாப் காலத்தில் ஒவ்வொன்றையும் அவளே அடித்ததால் படிக்காமல் விட வழியில்லை. இதில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஒப்புக்கொள்ளலாம். அவள் தட்டினாள். மனசெல்லாம் வெள்ளிக்கிழமையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூங்கோதைக்காகக் கட்டிலில் புது விரிப்பைப் போட்டுவிட்டு, அவள் பெயரைத் தொட்டுத் திறந்தாள். போன தடவைக் குறிப்பு மேலேயே வந்து நின்றது. ஒரு எழுத்துப் பிழை இல்லாத, அழகான ஆங்கிலம்.

மணிக்கட்டு மடங்கும் அளவு கூடியிருக்கிறது. வலி குறைந்திருக்கிறது. கணவர் வேண்டுமென்றே கதவைச் சாத்தியதால் காயம் ஏற்பட்டதாக நோயாளி கூறுகிறார். வெள்ளிக்கிழமை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பாமல், சிகிச்சையாளரின் உதவியுடன் ஹவுராவிலிருந்து ரயிலில் செல்ல இருக்கிறார். சென்னையில் சகோதரி வந்து அழைத்துக்கொள்வார். மாற்றுத் துணிகள் சிகிச்சையாளரிடம் உள்ளன. வீட்டுப் பயிற்சி: மென்மையான பந்தை அழுத்துதல், காலையும் மாலையும்.

மாதங்கி அதை முதல் தடவை படித்தபோது, யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான், படிக்காமல் தள்ளிவிட்ட அந்தப் புதுசுப் பட்டியல் ஞாபகம் வந்தது; அதற்குத் தமிழ் வந்துவிட்டிருந்தது. கீழே, அனுப்பப்பட்டது என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், பார்க்கப்பட்டது என்று இருந்தது. படிவத்தில் எழுதியிருந்த போன் நம்பர் யாருடையது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. படிவத்தை எழுதியது யார் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பூங்கோதையைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் போன் யார் கையில் இருக்கும் என்று தெரியும். அக்காவின் நம்பரை அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்சி பிடித்து குவார்ட்டர்ஸுக்கே போய்விடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, படியில் காலடி கேட்டது. சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டார்கள். இரண்டு பேரும்.

வாஞ்சிநாதன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். மனைவியின் தோளில் கை போட்டு அணைத்தாற்போல் கூட்டிவந்தான். பூங்கோதையின் இடது கை முந்தானைக்குள் இருந்தது. உட்காரும்போது முந்தானை விலகியது. முழங்கையிலிருந்து விரல்வரை பட்டைத் துணி சுற்றியிருந்தது. வீட்டிலேயே சுற்றியது, கட்டுப் போடத் தெரிந்தவர்கள் சுற்றியது இல்லை. விரல் நுனிகள் வீங்கிக் கன்றிப்போயிருந்தன.

"நோட்ஸ் எல்லாம் பாத்தேன் டாக்டர்" என்றான் அவன். குரலில் அத்தனை மரியாதை. "ரொம்ப டீடெய்லா போடுறீங்க. இந்த ஊர்ல இவ்வளவு அக்கறையா பாக்குறவங்க யாரு இருக்காங்க? மீட்டிங்க கேன்சல் பண்ணிட்டு நானே நேர்ல தேங்க்ஸ் சொல்ல வந்துட்டேன். அப்புறம், இவ துணி ஏதோ உங்ககிட்ட இருக்காமே?"

மாதங்கி அலமாரியைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் ஒரு பாலிதீன் பையைத் தயாராகக் கொண்டுவந்திருந்தான். இரண்டு புடவை, ரவிக்கை, ஒரு சால்வை எல்லாவற்றையும் மடிப்புக் கலையாமல் அதில் எடுத்து வைத்தான்.

"இந்தக் கைக்கு உடனே எக்ஸ்ரே எடுக்கணும். எப்படி ஆச்சு?" என்று மாதங்கி பூங்கோதையைப் பார்த்துக் கேட்டாள்.

பூங்கோதை அவளைப் பார்க்கவில்லை. மேஜையில் நின்ற டேப்லெட்டைப் பார்த்தாள். அதன் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னாள்.

"மாடிப்படியில கால் தவறி விழுந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. அவுக என்னைய நல்லாத்தான் வச்சிருக்காவ."

டேப்லெட் அதை எழுதிக்கொண்டது.

வந்த ஆத்திரத்தில் மாதங்கி அதைத் தூக்கி மெட்ரோ தண்டவாளத்தில் எறிந்திருப்பாள். அதுமட்டும்தானா காரணம்? தன்மேலேயே அவளுக்கு வந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் எறிவது? "பெண்கள் பகுதியில் ஆண்கள் நிற்கக் கூடாது" என்று ரஞ்சனாதியிடம் வங்காளியில் சொன்னாள். ரஞ்சனாதிக்கு விஷயம் என்னவென்று புரியாவிட்டாலும் மாதங்கியின் முகம் புரிந்தது. "பாயிரே ஜான், தாதா, பாயிரே!" என்று கோழியை விரட்டுவதுபோல் அவனை வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே போய்த் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் காலணி திரைக்குக் கீழே தெரிந்தது.

மாதங்கி டேப்லெட்டை முழுசாக அணைத்து ரஞ்சனாதியின் கையில் கொடுத்து, கீழே மருந்துக்கடையில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, பூங்கோதையின் காதோடு வாயை வைத்துப் பேசினாள். இதுநாள் வரை இந்தத் திரைக்குள் அவர்கள் ரகசியம் பேசியதே இல்லை.

"என்னை மன்னிச்சுடும்மா. தப்பு என்மேலதான். நான் இப்பவே போலீஸுக்கு போன் பண்றேன். உன்னை அவனோட அனுப்ப மாட்டேன்."

"கூப்பிட்டியன்னா, படியில விழுந்தேன்னுதான் சொல்லுவேன்" என்றாள் பூங்கோதை. "நீங்க எழுதுனத எங்கக்கா வீட்டுக்காரருக்கும் அனுப்பிட்டாவ. டிக்கெட்ட அவரே கேன்சல் பண்ணிட்டாரு. அக்கா இனி போன எடுக்க மாட்டா. எங்க போவேன்?"

"எங்க வீட்டுக்கு வா. லேக் கார்டன்ஸுக்கு. இன்னிக்கே, இந்தக் கையோட. அது இங்க இல்ல பாரு, கீழ அனுப்பிட்டேன். இப்ப நம்ம பேசறது யாருக்கும் தெரியாது. தைரியமா சொல்லு, பூங்கோதை."

பூங்கோதை முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் மாதங்கி தாங்கியிருப்பாள்.

"அன்னைக்கும் இதத்தான சொன்னிய" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் கடந்து போனது.

"முடிஞ்சுதா?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாஞ்சிநாதன் கேட்டான்.

"முடிஞ்சிட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை வலது கையால் இடது கையை ஏந்திக்கொண்டு எழுந்து போனாள்.